தளம் புதுப்பிக்கப்பட்ட பின் பழைய திருமுறை இணைப்புகளை எப்படிச் சீர்செய்வது?

தலவரலாற்றுத் தொகுப்பாளர், மயிலாடுதுறை:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரைத் தலங்களின் பதிகங்களையும் தலவரலாறுகளையும் தொகுத்து வைத்திருக்கும் ஒரு தளத்தில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்துவருபவர்களுள் நானும் ஒருவன். சோழநாட்டில் வடகரையில் 63, தென்கரையில் 127 என்று எண்ணப்படும் பாடல் பெற்ற தலங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், பதிகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவுகள் என்று அது படிப்படியாக வளர்ந்தது. அண்மையில் அறக்கட்டளையினர் ஒரு நிறுவனத்தைக் கொண்டு தளம் முழுவதையும் புதுப்பித்தார்கள். கைப்பேசியில் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. பண் வாரியாகத் தேட முடிகிறது. அந்த அளவில் மனநிறைவே.

ஆனால் பழைய முகவரி எதைத் தொட்டாலும் இப்போது முகப்புப் பக்கம் மட்டுமே வருகிறது. பழைய தளத்தில் மூன்று வகை முகவரிகள் இருந்தன. தொடக்க காலத்துப் பக்கங்கள் தலத்தின் பெயரை ஆங்கில எழுத்துகளில் கொண்டிருந்தன. பிற்காலத்தவை வினாக்குறிக்குப் பின் ஓர் எண்ணைக் கொண்டிருந்தன. நீண்ட பதிகப் பக்கங்களில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு நங்கூரக் குறி (முகவரியின் இறுதியில் # என்று வருவது) இருந்ததால், ஐந்தாம் பாடலை மட்டும் காட்ட விரும்பியவர்கள் அந்தக் குறியோடு சேர்த்தே இணைப்பைப் பகிர்ந்தார்கள். இந்த முகவரிகள் கும்பாபிஷேக மலர்களில் அச்சாகியிருக்கின்றன. சில கோயில்களில் உபயதாரர்கள் வைத்த பலகைகளில் கியூஆர் குறியீடாகவும் இருக்கின்றன. இணைப்புக் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடி எழுதித் திருத்தச் சொல்வதா, நம் பக்கத்திலேயே வழிசெய்வதா, செய்வதானால் எந்த ஒழுங்கில் என்று அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குடந்தை நிரலர்:

ஐயா, வணக்கம். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்குத் திருப்புவது பலரும் செய்வதுதான். ஆயினும் அதை முதலில் நீக்கிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். மேலவீதியில் ஒரு வீட்டைக் கேட்டு வந்தவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவது போன்றது அது. வந்தவருக்குத் தாம் தேடிய பதிகம் இல்லை என்றும் தெரியாது, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது என்றும் தெரியாது. தேடுபொறிகளும் இதை ஏற்பதில்லை. தொடர்பில்லாத பக்கத்துக்கு மொத்தமாகத் திருப்பப்படும் முகவரிகளை, மென்மையான 404 (404 என்பது பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் எண்) என்ற வகையில் சேர்த்து, பக்கம் இல்லாமற்போனதாகவே கூகுள் கணக்கிடுகிறது. பழைய பக்கம் இத்தனை ஆண்டுகளில் ஈட்டிய மதிப்பு புதிய பக்கத்துக்குச் சேராமலே போய்விடும்.

செய்ய வேண்டியது ஒன்றுக்கு ஒன்றான பொருத்தப் பட்டியல். பழைய முகவரி ஒரு நெடுவரிசையில், அதே உள்ளடக்கம் இப்போது இருக்கும் முகவரி அடுத்த நெடுவரிசையில். அதை வழங்கியில் (சர்வரில்) 301 என்னும் நிலையான வழிமாற்றாக அமைக்க வேண்டும். 302 தற்காலிக மாற்றத்துக்கு உரியது. நிறுவனம் அமைத்த வழிமாற்றுகளில் எந்த எண் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பல மென்பொருள்களில் வெறுமனே திருப்பு என்று எழுதினால் 302 தான் போகும்.

பழைய முகவரிகளை எங்கே திரட்டுவது என்பதில் காலதாமதம் கூடாது. வழங்கியின் அணுக்கப் பதிவேடுகளை, அதாவது எந்தெந்த முகவரிகள் திறக்கப்பட்டன என்ற பதிவுகளை, பல நிறுவனங்கள் சில வாரங்களிலேயே அழித்துவிடுகின்றன. இன்றே ஒரு படி எடுத்து வையுங்கள். கூகுளின் தேடல் பணியகத்தில் (Search Console) கடந்த 16 மாதங்களுக்கு உரிய தரவு இருக்கும். அங்கிருந்து பக்கங்களின் பட்டியலை எக்செல் கோப்பாக எடுக்கலாம். பழைய தளவரைபடக் கோப்பு (sitemap) யாரிடமேனும் இருந்தால் மிக நல்லது. இவை எவற்றிலும் சிக்காத மிகப் பழைய முகவரிகளுக்கு இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் எந்திரம் உண்டு. அது 1996 முதல் பக்கங்களைச் சேமித்துவருகிறது. உங்கள் தளப்பெயரைக் கொடுத்தால் அது கண்ட முகவரிகள் அனைத்தையும் பட்டியலாகவே தரும்.

நாகை வாசகர்:

இவ்வளவு உழைப்பு தேவைதானா என்று ஒரு வாசகனாகக் கேட்க விரும்புகிறேன். இக்காலத்தில் பதிகத்தின் முதலடியைத் தட்டச்சு செய்தாலே தேடுபொறி பாடலைக் காட்டிவிடுகிறது. பக்கம் கிடைக்கவில்லை என்று மரியாதையாகத் தெரிவிக்கும் ஒரு 404 பக்கத்தை அமைத்து, அதில் பெரிய தேடற்பெட்டி ஒன்றையும் திருமுறைகளின் பட்டியலையும் வைத்தால் போதாதா? தொண்டர்களின் நேரம் வரம்புக்குட்பட்டது. அதைப் பிழைதிருத்தத்துக்கும் உரை சேர்ப்பதற்கும் செலவிடுவது மேல் என்பது என் எண்ணம்.

ஓதுவார் மாணவர், திருவாரூர்:

ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. நல்ல 404 பக்கம் எப்படியும் தேவை. ஆனால் தேடிக்கொள்ளலாம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் பாடசாலையோடு தொடர்புடைய வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் ஒரு பதிகத்தின் இணைப்பு அனுப்பப்படுகிறது. ஞாயிறன்று மாதர்ப் பிறைக்கண்ணியானை என்றால், ஐயாற்றுப் பதிகத்தின் பக்கத்துக்கே அந்த இணைப்பு நேராகப் போக வேண்டும். அதைத் தொடுபவர்களுள் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பாராயணம் செய்யத் தெரிந்தவர்கள். தேடற்பெட்டியில் தமிழைத் தட்டச்சு செய்து பழகாதவர்கள். இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் அவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று அதைவிட முக்கியம். கோளறு பதிகத்தைத் தேடினால் எண்ணற்ற பக்கங்கள் வருகின்றன. அவற்றுள் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்தவை. சீர் பிரித்ததில் பிழை, ஒற்று விட்டுப்போன பிழை, ஓர் அடியே காணாமற்போன பிழை எல்லாம் அவற்றில் உண்டு. ஒரு முகவரியை நம்பிப் பகிர்ந்தோம் என்றால், அங்கே இருக்கும் பாடம் ஒப்புநோக்கித் திருத்தப்பட்டது என்பதால்தான் பகிர்ந்தோம். பலகையில் உள்ள குறியீடு பயன்படாமற்போய், வந்தவர் தேடிப்போய்ப் பிழையான பாடத்தை மனப்பாடம் செய்தால், அதைத் திருத்துவது மிகக் கடினம். சிறுவர்களுக்குக் கற்பிக்கும்போது இதை நான் நேரில் காண்கிறேன். ஆகவே பிழைதிருத்தமும் இணைப்பைக் காப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்றே கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்:

பொருத்தப் பட்டியல் தயாரிக்கும் முன், புதிய முகவரிகள் எதன் அடிப்படையில் அமைந்திருக்கின்றன என்று தொகுப்பாளர் பார்க்க வேண்டும். அது சரியாக அமையவில்லை என்றால், இன்று எல்லாவற்றையும் பொருத்திவிட்டு அடுத்த புதுப்பித்தலின்போது மீண்டும் இதே இழையைத் தொடங்க நேரும்.

தலத்தின் பெயரை அடிப்படையாகக் கொள்வதில் உள்ள சிக்கலுக்குச் சீகாழி ஒன்றே போதும். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்று அதற்குப் பன்னிரண்டு பெயர்கள். சம்பந்தர் மட்டும் 67 பதிகங்கள் பாடியிருக்கிறார். அவை இந்தப் பெயர்களின் கீழ் வெவ்வேறாகத் தலைப்பிடப்பட்டிருக்கின்றன. பதிகத் தலைப்பை முகவரியாக்கினால் ஒரே கோயிலின் பாடல்கள் பன்னிரண்டு ஊர்களுக்கு உரியவைபோலச் சிதறும். இன்றைய ஊர்ப்பெயரை முகவரியாக்கினால் 67 பதிகங்களும் ஒரே பெயரில் மோதிக்கொள்ளும். புள்ளிருக்குவேளூர் என்று பதிகத்தில் இருப்பதை மக்கள் வைத்தீசுவரன்கோயில் என்றுதான் தேடுகிறார்கள். திருமறைக்காடு வேதாரணியமாக இருக்கிறது. மாயூரம் என்ற ஊர்ப்பெயர் 1982இல் மயிலாடுதுறை ஆனது.

மாவட்டத்தின் பெயரை முகவரியில் சேர்ப்பது இதைவிடவும் தவறு. பல கோயில் தளங்களில் மாவட்டம், அதன் கீழ் ஊர், அதன் கீழ் கோயில் என்று அடுக்கியிருப்பதைக் காண்கிறேன். திருவாரூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் தனி மாவட்டமானது. சீகாழியும் திருக்கடையூரும் நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து 2020 இறுதியில் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தன. திருநள்ளாறோ புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குட்பட்ட காரைக்காலில் இருக்கிறது. ஆட்சி எல்லைகள் மாறும்போதெல்லாம் பாடலின் முகவரி மாற வேண்டிய தேவை என்ன?

திருமுறை எண், பதிக எண் இரண்டும் தேவாரத்தைப் பொறுத்தவரை அச்சுநூல்களில் ஊன்றிவிட்டவை. முதல் மூன்று திருமுறைகளில் முறையே 136, 122, 125 பதிகங்கள். 1.1 என்றால் தோடுடைய செவியன், 2.85 என்றால் வேயுறு தோளிபங்கன், 7.1 என்றால் பித்தா பிறைசூடி. ஆய்வாளரும் ஓதுவாரும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் எண் இது. முகவரியின் அடித்தளம் இதுவாக இருக்கட்டும். தலத்தின் பெயர், பண், மாவட்டம் ஆகியவை பக்கத்தின் உள்ளே இருக்கட்டும், தேடலுக்கும் பயன்படட்டும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். திருவிடைவாய்ப் பதிகம் 1917இல் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஆகவே 125 என்ற வரிசைக்குப் புறம்பாக மூன்றாம் திருமுறையின் இறுதியில் சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்க்காத பழம்பதிப்புகளும் உண்டு. திருமந்திரத்திலும் பெரியபுராணத்திலும் பாடல் எண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். அவற்றுக்கு எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்று தளத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டு, அதிலிருந்து பிறகு மாறாதிருங்கள்.

குடந்தை நிரலர்:

நூலகர் ஐயா சொன்னது நிரலாக்க நோக்கிலும் முற்றிலும் சரி. தமிழ் எழுத்துகளையே முகவரியில் வைப்பது பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். புதிய தளத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உலாவியில் தமிழ் முகவரி அழகாகத் தெரியும். ஆனால் அதைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று எண்ணிரட்டைகளாக (பைட்டுகளாக) பிரிந்து, விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்துகள் ஆகிவிடும். திருநள்ளாறு என்ற சொல்லில் 11 யூனிக்கோடு குறியீடுகள் இருக்கின்றன. முகவரியில் அது 99 எழுத்துகளாக நீளும். அப்படி நீண்டதை மலரில் அச்சிட்டால் யாராலும் பார்த்துத் தட்டச்சு செய்ய முடியாது. குழுச்செய்திகளில் நடுவில் வெட்டுப்பட்டு, பாதி மட்டும் இணைப்பாக மாறுவதும் உண்டு.

அதைவிட நுட்பமான சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை. கொச்சைவயம் என்பதின் கொ என்ற எழுத்தை ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனியாக, கால் தனியாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிக்கோடு இரண்டையும் சமமாகக் கருதுகிறது. ஆனால் வழங்கி எண்ணிரட்டைகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால் ஒன்று பக்கத்தைத் தரும், மற்றொன்று 404 தரும். பழைய குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்தப் பிரிந்த வடிவம் நிறையக் காணப்படுகிறது. பொருத்தப் பட்டியலின் இருபுறமும் ஒரே இயல்பு வடிவத்துக்கு (இயல்பாக்கம் என்பார்கள்) மாற்றிவிட்டால் இது தீரும். ஸ்ரீ என்ற எழுத்து அப்படித் தீராது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். 2005இல் யூனிக்கோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்காது; திரையிலோ வேறுபாடே தெரியாது. கோயில் தளங்களில் எத்தனை பெயர்கள் ஸ்ரீ என்று தொடங்குகின்றன என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே திருநள்ளாற்றுப் பச்சைப் பதிகம் என்றால், தளப்பெயருக்குப் பின் 1/49 (முதல் திருமுறை, 49ஆம் பதிகம்) என்று எண்களோடு நிறுத்திவிடலாம். விரும்பினால் அதன்பின் தமிழில் தலப்பெயர் வரலாம். ஆனால் வழங்கி எண்களை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் தர வேண்டும், பின்னால் வரும் சொல் வெட்டுப்பட்டாலும் எழுத்து மாறினாலும் பச்சைப் பதிகமே வந்துசேர வேண்டும். ஒரே பக்கம் பல முகவரிகளில் திறப்பதால் தேடுபொறிகள் குழம்பாதபடி, இதுவே முதன்மை முகவரி என்ற குறிப்பைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியப் பங்களிப்பாளர், திருத்துறைப்பூண்டி:

விக்கிப்பீடியாவிலிருந்து ஒரு குறிப்பு. பாடல் பெற்ற தலங்கள் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் வெளியிணைப்புகளாக இத்தகைய தளங்களின் பழைய முகவரிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தளத்துக்கு எந்தெந்தக் கட்டுரைகளிலிருந்து இணைப்பு இருக்கிறது என்று காட்டும் சிறப்புப் பக்கம் அங்கே உண்டு. தளப்பெயரைக் கொடுத்தால் முழுப் பட்டியல் கிடைக்கும். அதுவும் உங்கள் பொருத்தப் பட்டியலுக்கு நல்ல மூலம்.

ஆனால் தளத்தை நடத்துபவர்களே ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இணைப்புகளை மாற்றத் தொடங்கினால், அது விளம்பரமாகத் தோன்றி மீளமைக்கப்படும். பட்டியலை விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் வைத்து விவரத்தைச் சொல்லுங்கள். நாங்கள் தானியங்கி கொண்டு மாற்றித்தர முடியும். இணைப்பு முறிந்திருக்கிறது என்பதற்காக மேற்கோளை நீக்கிவிட வேண்டாம் என்று உங்கள் அன்பர்களிடமும் சொல்லுங்கள். முறிந்த முகவரி அங்கே இருந்தால்தான் காப்பகப் படியையேனும் கண்டுபிடிக்க முடியும். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. நம் கட்டுரைகளில் மேற்கோள்களைச் சரிபார்க்கும்போது அந்த இழப்பை நாங்கள் கண்கூடாகக் காண்கிறோம்.

தலவரலாற்றுத் தொகுப்பாளர், மயிலாடுதுறை:

அனைவருக்கும் நன்றி. எண் அடிப்படையிலான முகவரி என்பதை அறக்கட்டளையினரிடம் எடுத்துச்சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். பார்த்ததில் நிறுவனம் அமைத்திருப்பவை 302 வழிமாற்றுகளே. அவற்றை நீக்கச் சொல்லியிருக்கிறோம். இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன.

பாடல் வாரியான நங்கூரக் குறிகளைப் பொருத்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? ஒலிப்பதிவுகளுக்கு நேரடியாக இணைப்புக் கொடுத்தவர்களுக்கும் இதே வழிதானா? காலம் கடந்த பக்கங்களும் பல இருக்கின்றன. 2016 மகாமகத்தின்போது குடந்தைக் கோயில்களின் தீர்த்தவாரி நேரங்களையும் குளங்களையும் பற்றி எழுதிய பக்கங்கள், பழைய கும்பாபிஷேக அழைப்புகள், திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வங்கிக் கணக்கு எண்ணோடு வெளியிட்ட அறிவிப்புகள் ஆகியவை அவை. இவற்றையும் எங்கேனும் திருப்ப வேண்டுமா?

குடந்தை நிரலர்:

நங்கூரக் குறியைப் பட்டியலில் சேர்க்கவே முடியாது ஐயா. முகவரியில் அந்தக் குறிக்குப் பின் வருவது உலாவியிலேயே தங்கிவிடுகிறது. வழங்கிக்கு அது அனுப்பப்படுவதே இல்லை. ஆனால் இது நமக்குச் சாதகமும்கூட. வழிமாற்றில் புதிய நங்கூரம் எதுவும் குறிப்பிடாவிட்டால், பழைய முகவரியில் இருந்த நங்கூரத்தை உலாவியே எடுத்துவந்து புதிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே புதிய பக்கத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் பழைய அடையாளப் பெயரையே வைத்துவிட்டால், ஐந்தாம் பாடலுக்கான இணைப்பு ஐந்தாம் பாடலிலேயே போய் நிற்கும். நிறுவனத்திடம் இதைத் தனியாக வலியுறுத்துங்கள். பக்கத்தை மறுவடிவமைப்பவர்கள் பழைய அடையாளங்களைத் தேவையற்றவை என்று எண்ணி நீக்கிவிடுவது வழக்கம்.

வினாக்குறிக்குப் பின் எண் வரும் முகவரிகளிலும் ஒரு கவனம் தேவை. அப்பாச்சி வழங்கியில் வழக்கமான மாற்றெழுத்து விதி (rewrite rule) பாதையை மட்டுமே பார்க்கும்; வினாக்குறிக்குப் பின்னுள்ளதைப் பார்க்காது. அதற்கென்று தனி நிபந்தனை வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்லாப் பதிகங்களும் ஒரே பக்கத்துக்குப் போகும். பழைய எண்ணுக்கும் திருமுறை எண்ணுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்றால், பழைய தரவுத்தளத்திலிருந்து அந்த அட்டவணையை எடுத்தாக வேண்டும். அதை அழிக்க விடாதீர்கள்.

பழைய தளம் விண்டோஸ் வழங்கியில் இருந்ததா என்றும் கேளுங்கள். அங்கே பாதையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸ் வழங்கியில் அவை வேறு வேறு. பலகை எழுதுபவர்கள் முகவரி முழுவதையும் பெரிய எழுத்திலேயே எழுதிவிடுவார்கள். அன்று வேலை செய்த அது இன்று வேலை செய்யாது. பாதையைச் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டுப் பட்டியலோடு ஒப்பிடச் சொன்னால் போதும்.

ஒலிக்கோப்புகளை முடிந்தால் பழைய இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான இயக்கிகள் வழிமாற்றைப் பின்தொடரும். ஆனால் கோயில்களில் காலையில் ஒலிபரப்ப வைத்திருக்கும் பழைய கருவிகள் சில பின்தொடர்வதில்லை. வட்டில் இடம் மலிவு.

காலம் கடந்த பக்கங்களை ஒரே வகையாகப் பார்க்க வேண்டாம். மகாமகப் பக்கங்கள் வரலாறு. அவற்றை அழிக்காமல், 2016க்கு உரியவை என்று மேலே தெளிவாக எழுதி அதே முகவரியில் வையுங்கள். 2028 மகாமகத்தின்போது அவற்றைத் தேடி வருவார்கள். நன்கொடை அறிவிப்புகளை மட்டும் எங்கும் திருப்பக் கூடாது. மூடப்பட்ட திருப்பணிக் கணக்கின் முகவரியிலிருந்து இன்னொரு நன்கொடைப் பக்கத்துக்கு ஒருவரை அழைத்துப்போனால், அவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறியாமலே பணம் செலுத்த நேரும். அவற்றுக்கு 410 என்ற நிலையைக் கொடுங்கள். வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். இந்தத் திருப்பணி நிறைவுற்றது, இக்கணக்கு இப்போது இல்லை என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

நாகை வாசகர்:

ஓதுவார் மாணவர் பாடபேதம் பற்றிச் சொன்னதைப் படித்தபின் என் கருத்தில் பெரும்பகுதியை மாற்றிக்கொண்டேன். ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. இன்றைய தொண்டர்கள் இதைச் செம்மையாகச் செய்துவிடுவார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பின் நிறுவனம் மாறும், அறக்கட்டளையில் பொறுப்பாளர்கள் மாறுவார்கள். வழிமாற்றுப் பட்டியல் என்று ஒன்று இருப்பதே அடுத்தவருக்குத் தெரியாமற்போனால் என்ன ஆகும்? தளப்பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டால்? கோயில் பலகையில் உள்ள குறியீட்டை ஒரு சிறுவன் படமெடுக்கும்போது சூதாட்டத் தளம் திறந்தால், அதற்கு யார் பொறுப்பு?

ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்:

இழையிலேயே மிகத் தேவையான கேள்வி இது. காலாவதியான தளப்பெயர்களை உடனே வாங்கி, அவற்றுக்கு ஏற்கெனவே உள்ள இணைப்புகளைப் பயன்படுத்திச் சூதாட்டப் பக்கங்களை ஏற்றுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சமயத் தளங்களுக்கு வெளியிலிருந்து இணைப்புகள் மிகுதி என்பதால் அவர்களுக்கு அவை மதிப்புள்ளவை. தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அறக்கட்டளையினர் இன்றே பார்க்க வேண்டும். தனிநபர் ஒருவரின் பெயரிலோ வடிவமைத்த நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால், அறக்கட்டளையின் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே தவணையில் பத்தாண்டுகள் வரை பதிவை நீட்டிக்க முடியும். அதற்கான தொகை ஒரு நாள் அன்னதானச் செலவைவிடக் குறைவு. புதுப்பித்தல் அறிவிப்பு ஒரே ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போகாமல், பொறுப்பின் பெயரில் அமைந்த முகவரிக்குப் போகட்டும். புதிய தளப்பெயருக்கு மாறியிருந்தாலும் பழைய பெயரை விட்டுவிடவே கூடாது.

பட்டியலைப் பொறுத்தவரை, அது மென்பொருளின் உள்ளே புதைந்திருக்கக் கூடாது. எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக ஒன்று இருக்கட்டும். வழங்கியின் விதிகள் அதிலிருந்தே உருவாகட்டும். அதன் படி ஒன்றை அறக்கட்டளையின் சொத்துப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்றைத் தளத்திலேயே பொதுவில் வெளியிடுங்கள். விக்கிப்பீடிய அன்பர்கள் போன்றோர் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் இருக்கும். சீகாழிக் கோயிலில் 2023இல் திருப்பணிக்காகத் தோண்டியபோது தேவாரம் பொறித்த செப்பேடுகள் கிடைத்தன. அவற்றைப் பொறித்தவர்கள் பாடல் நிலைக்க வேண்டும் என்று எண்ணி உழைத்தவர்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பட்டியலைப் பேணுவது மட்டுமே.

ஓதுவார் மாணவர், திருவாரூர்:

ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஊருக்கு அருகில் ஒரு கோயிலில் புதிய பதிகப் பலகை வைக்க உபயதாரர் முன்வந்திருக்கிறார். அச்சகத்தார், பின்னால் முகவரி மாறினாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய குறியீட்டை ஒரு சேவையின் வழியாகச் செய்துதருவதாகச் சொல்கிறார்கள். அது நல்லதா?

குடந்தை நிரலர்:

வேண்டாம் தம்பி. அந்தக் குறியீட்டுக்குள் இருப்பது அந்தச் சேவையின் முகவரி; கோயிலின் முகவரி அன்று. ஆண்டுச் சந்தா நின்றாலோ சேவை மூடப்பட்டாலோ கல்லில் பதித்த பலகை பயனற்றுப்போகும். கூகுளே தன் சுருக்கு முகவரிச் சேவையில் புதியன உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது. பயன்பாட்டில் இல்லாத பழைய சுருக்கு முகவரிகளை 2025இல் செயலிழக்கச் செய்தது. மாற்றிக்கொள்ளும் வசதியை நம் வழங்கியில் உள்ள பட்டியலே தருகிறது. குறியீட்டில் நேராகத் தளப்பெயரும் எண்களும் மட்டும் இருக்கட்டும். முகவரி குறுகியதாக இருந்தால் கட்டங்கள் பெரிதாக அமையும். தொலைவிலிருந்தும் படமெடுக்க முடியும். விளக்குப் புகையும் எண்ணெயும் படியும் இடமாதலால், பிழைதிருத்த அளவை மிக உயர்ந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 30 விழுக்காடு வரை மறைந்தாலும் கருவி படித்துவிடும். குறியீட்டுக்குக் கீழே அந்த முகவரியை எழுத்திலும், பதிகத்தின் முதலடியைத் தமிழிலும் பொறிக்கச் சொல்லுங்கள். குறியீடு முற்றிலும் சிதைந்தாலும் முதலடி படிக்கக் கிடைக்கும்.

தலவரலாற்றுத் தொகுப்பாளர், மயிலாடுதுறை:

இந்த வழிகாட்டலின்படி வேலையைத் தொடங்கிவிட்டோம். அணுக்கப் பதிவேடும் பழைய தரவுத்தளமும் படியெடுக்கப்பட்டுவிட்டன. தளப்பெயரை அறக்கட்டளையின் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் தயாராகிறது. தேவாரப் பதிகங்களின் பொருத்தத்தை முதலில் முடித்து, அதன்பின் தலப் பக்கங்கள், இறுதியில் பன்னிரண்டாம் திருமுறை என்ற வரிசையில் போகிறோம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பழைய முகவரிகள் அனைத்தையும் ஒரு நிரல் கொண்டு திறந்துபார்த்து, ஒரே வழிமாற்றில் சரியான பக்கம் வருகிறதா என்று சோதிப்போம். ஒரு வழிமாற்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தென்பட்டால் இடையில் உள்ளதை நீக்கிவிடுவோம்.

அன்பர்களிடம் ஓர் உதவி வேண்டும். நீங்கள் போகும் கோயில்களில் எங்கள் தளத்தின் முகவரியோ குறியீடோ கண்ணில் பட்டால், அதைப் படமெடுத்து, தலத்தின் பெயரோடு இந்த இழையில் சேர்த்துவிடுங்கள். மலரில் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தின் படமும், மலர் வெளிவந்த ஆண்டும் போதும். முகவரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். அந்தப் பிழையான வடிவத்தையும் பட்டியலில் சேர்த்து உரிய பதிகத்துக்குத் திருப்பிவிடுகிறோம்.